வெறுங்கையில் ஒரு டம்ளர் காபி

படத்துக்காக இருபது கிலோ குறைத்தார், ஆறு மாதம் தாடி வளர்த்தார், செட்டில் யாரிடமும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார் என்று ஒரு நடிகரைப் பற்றிச் செய்தி வந்தால் போதும், ‘மெத்தட் ஆக்டிங்’ என்று தலைப்பு போட்டுவிடுகிறார்கள். சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஆடிஷனுக்கு அலைகிற பிள்ளைகள் இதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். ரோலுக்காகப் பட்டினி கிடக்கத் தயாராக இருக்கிறார்கள், ஆனால் தினமும் அரைமணி நேரம் உட்கார்ந்து செய்கிற பயிற்சி என்று கையில் ஒன்றும் இல்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம். மெத்தட் என்பது சாதகம். பாட்டு கற்பவர் விடியற்காலையில் சரளி வரிசை பாடுகிற மாதிரி, நடிகர் நாற்காலியில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. அந்தச் சாதகம் எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்வது, எங்கே கெட்டுப்போகும் என்பதை எழுதுகிறேன்.

இந்தச் சாதகத்தின் வேர் கான்ஸ்டன்டின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்ற ரஷ்ய நடிகர், இயக்குநர். 1863-ல் மாஸ்கோவில் பிறந்தவர். இயற்பெயர் அலெக்சேயெவ், மேடைக்காக வைத்துக்கொண்டதுதான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. பொன், வெள்ளி ஜரிகை நூல் தயாரித்த பணக்காரக் குடும்பம். 1897 ஜூனில் நெமிரோவிச்-தான்சென்கோ என்ற நாடகாசிரியரோடு ஒரு மதியம் பேச உட்கார்ந்தார். பேச்சு 18 மணி நேரம் ஓடி மறுநாள் காலையில்தான் முடிந்தது. அதில் பிறந்தது மாஸ்கோ ஆர்ட் தியேட்டர். 1898-ல் திரை உயர்ந்தது.

நமக்கு வேண்டிய விஷயம் 1906-ல் நடக்கிறது. அப்போது அவர் பேர்போன நடிகர். இப்சன் நாடகத்தில் டாக்டர் ஸ்டாக்மன் வேடம் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்திருந்தது. அந்தக் கோடையில் பின்லாந்தில் ஓய்வெடுக்கும்போது ஒன்றை உணர்ந்தார்: ஸ்டாக்மனின் நடை, கைவீச்சு, பார்வை எல்லாம் மேடையில் தவறாமல் வருகின்றன; எந்த உணர்வு அவற்றை முதலில் பிறப்பித்ததோ அது மட்டும் போய்விட்டது. உடம்புக்குப் பழக்கம் மிஞ்சியிருந்தது, உள்ளே காரணம் செத்திருந்தது. நேற்று வந்த உணர்வு இன்றும், நாளை மாட்டினியிலும் வர என்ன வழி? அவருடைய ‘சிஸ்டம்’ முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான தேடல்தான்.

தேடலின் தொடக்கத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் ரிபோ என்ற பிரெஞ்சு உளவியலாளர். பழைய உணர்ச்சி அழிவதில்லை, ஒரு வாசனையோ சத்தமோ அதைக் கிளப்பிவிடும் என்ற கருத்து அங்கிருந்து வந்தது. 1912 வாக்கில் சூலெர்ஷீட்ஸ்கியின் பொறுப்பில் ‘முதல் ஸ்டூடியோ’ என்ற பயிற்சிக்கூடம் அமைந்தது. வக்தாங்கோவ், மைக்கேல் செகாவ், போலஸ்லாவ்ஸ்கி, மரியா உஸ்பென்ஸ்காயா எல்லோரும் அங்கே பயின்றவர்கள். மைக்கேல் செகாவ், எழுத்தாளர் செகாவின் அண்ணன் மகன். உணர்ச்சி நினைவுப் பயிற்சியில் அவர் தன் அப்பாவின் இறுதிச் சடங்கை நடித்துக் காட்டினார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நெகிழ்ந்துபோனார். பிறகுதான் தெரிந்தது, அப்பா உயிரோடு இருக்கிறார்! கற்பனை முற்றிப்போனவன் என்று அவரை வகுப்பிலிருந்து விலக்கினார்கள் என்று சொல்வதுண்டு. சொந்த நினைவா, கற்பனையா என்ற சண்டைக்கு அங்கேயே விதை விழுந்துவிட்டது.

1923-ல் மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் அமெரிக்கா போனது. போலஸ்லாவ்ஸ்கி நியூயார்க்கில் பள்ளி தொடங்கினார், உஸ்பென்ஸ்காயாவும் அங்கே கற்பித்தார். அங்கே படித்த லீ ஸ்ட்ராஸ்பெர்க் 1931-ல் ஹெரால்ட் கிளர்மன், ஷெரில் கிராஃபோர்டு இருவரோடும் சேர்ந்து ‘குரூப் தியேட்டர்’ அமைத்தார். அவர் பிடித்துக்கொண்டது ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் ஆரம்பகாலப் பாடத்தை: தளர்வு, புலன் நினைவு (தொட்டதை, ருசித்ததைப் பொருள் இல்லாமலே மீண்டும் உணர்வது), உணர்ச்சி நினைவு (பழைய உணர்ச்சியை மீண்டும் எழுப்புவது). அதே குழுவில் இருந்த ஸ்டெல்லா அட்லருக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. 1934-ல் பாரிஸ் போய் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடமே ஐந்து வாரம் பயின்று திரும்பினார். ‘நாடகம் தருகிற சூழலையும் செயலையும் பிடி, சொந்தக் காயத்தைக் கிளறாதே, அவரே இப்போது அப்படித்தான் சொல்கிறார்’ என்பதுதான் அவர் கொண்டுவந்த செய்தி. ஸ்ட்ராஸ்பெர்க் ஏற்கவில்லை. 1947-ல் எலியா கஸான், கிராஃபோர்டு, ராபர்ட் லூயிஸ் மூவரும் ஆக்டர்ஸ் ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். 1951 முதல் 1982-ல் இறக்கும்வரை அதை நடத்தியவர் ஸ்ட்ராஸ்பெர்க். ‘மெத்தட்’ என்ற பெயர் அவருடைய பாடத்தோடு ஒட்டிக்கொண்டது. மார்லன் பிராண்டோவை மெத்தட்டின் முகம் என்கிறோம். அவர் தன் ஆசிரியராகச் சொன்னது அட்லரை. ரோலுக்குள்ளேயே வாழ்கிறவர் என்று பேசப்படுகிற டேனியல் டே-லூயிஸ் ஆக்டர்ஸ் ஸ்டூடியோவில் வளர்ந்தவரே இல்லை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்டு விக் பள்ளியில் பயின்றவர். ஷாட் முடிந்த பிறகும் அந்த ஆளாகவே இரு என்று ஸ்ட்ராஸ்பெர்க்கின் பயிற்சிகள் எதுவும் கேட்கவில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம்.

முதலில் நாற்காலி. கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலி போதும். சொகுசு நாற்காலி வேண்டாம், இலகுவாக இல்லாத இடத்தில் இலகுவாவதுதான் பாடம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவரைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு நாற்காலியிடம் தன்னை ஒப்படைத்திருக்கும். அந்த நிலையைத் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு மூட்டாக மெதுவாக அசைத்து, எங்கே இறுக்கம் என்று பாருங்கள். இறுக்கம் ஒளிந்திருக்கும் இடங்களை ஸ்ட்ராஸ்பெர்க் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்: நெற்றிப்பொட்டு, மூக்குத்தண்டிலிருந்து இமை வரை, மூக்கோரத்திலிருந்து வாயைச் சுற்றித் தாடை வரை, பிடரி. நாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; வசனம் மறந்துவிடுமோ என்ற பயம் நாக்கின் அடியில்தான் முதலில் இறுகும். இடையிடையே நெஞ்சிலிருந்து நீளமாக ‘ஆ…’ என்று குரல் விட வேண்டும். உள்ளங்கையை மார்பில் வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். தொண்டையில் மட்டும் அதிர்ந்தால் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திடீரென்று அழுகையோ எரிச்சலோ எழும்பினால் அடக்க வேண்டாம், துரத்தவும் வேண்டாம். அந்தக் குரலோடு வெளியே போகட்டும், அசைவு தொடரட்டும். தொடக்கத்தில் இருபது நிமிடம். இங்கே வழக்கமாக நடக்கிற தப்பு, இதைச் சவாசனம் மாதிரி ஆக்கித் தூங்கிவிடுவது. தளர்வு வேண்டியது தயாராக இருப்பதற்காக, ஓய்வுக்காக இல்லை.

அடுத்தது காபி. ஸ்ட்ராஸ்பெர்க் வகுப்பில் முதல் புலன் பயிற்சியே காலையில் குடிக்கிற பானம்தான். அவர்கள் கப்பில் செய்ததை நாம் டபரா டம்ளரில் செய்வோம். நமக்கு இது இன்னும் வளமான பயிற்சி என்பேன், ஏனென்றால் இதில் ஆற்றுதல் இருக்கிறது.

முதல் நாலைந்து நாள் நிஜக் காபியை வைத்துக்கொண்டு கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். டம்ளரின் விளிம்பை எந்த விரல்கள் பிடிக்கின்றன? பெருவிரலும் நடுவிரலுமா? ஆள்காட்டி விரல் தொடுகிறதா, சூடு தாங்காமல் விலகி நிற்கிறதா? டபராவுக்குள் டம்ளரை வைக்கும்போது அடியில் கேட்கிற ஸ்டீல் சத்தம் எப்படி? ஆற்றும்போது மேலே இருக்கிற கை இலேசாகிக்கொண்டே வரும், கீழே இருக்கிற கை கனத்துக்கொண்டே போகும். அந்த மாற்றம் மணிக்கட்டில் தெரிகிறதா, முழங்கையிலா? ஆவி முகத்தில் எந்த இடத்தில் படுகிறது? தூக்கிக் குடிக்கிறவர் என்றால் கழுத்து எவ்வளவு சாய்கிறது, உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே எத்தனை விரல்கடை? வாய்க்குள் விழுகிற இடம் நாக்கின் நடுவிலா, அடியிலா?

பிறகு டம்ளரை எடுத்து வைத்துவிட்டு வெறுங்கையில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு புலன், ஒரு கேள்வி. ‘இப்போது என் நடுவிரல் நுனியில் சூடு எவ்வளவு?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதில் வராவிட்டால் நடிக்க வேண்டாம். அடுத்த கேள்விக்குப் போங்கள். விரலில் ஒரு கணம் நிஜமாகவே சுரீர் என்றால் அன்றைக்கு அது போதும்.

பயிற்சி தப்பாகப் போவதைக் கண்டுபிடிப்பது சுலபம். டம்ளரின் சுற்றளவு குறைந்துகொண்டே வந்து, கடைசியில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். காபி வாய்க்கு வருமுன்னே தொண்டை விழுங்கிவிடும். முகம் ‘ஆகா’ என்று ரசித்துக் காட்டும். இது மூன்றும் மைம், அதாவது வெறும் பாவனை, பார்க்கிறவருக்காகச் செய்வது. புலன் பயிற்சி பார்க்கிறவருக்காக இல்லை, உங்கள் நரம்பைப் பழக்குவதற்காக. கேமரா முன்னால் நிஜக் காபியே கொடுத்துவிடுவார்களே, இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கொடுப்பார்கள், ஆறிப்போனதை, எட்டாவது டேக்கில். அதைச் சுடவைப்பது உங்கள் வேலை.

இரண்டு வாரம் காபி பிடிபட்டால், கண்ணாடி முன் முகச்சவரம் அல்லது தலைவாருதல், பிறகு வெயில், கூர்மையான வலி, புளிப்பு, வாசனை, உடம்பு முழுக்க மழை என்று வரிசை நீளும். வெயில் பயிற்சிக்குச் சென்னையைவிட நல்ல ஊர் கிடையாது. காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்து, சூடு முகத்தில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டு, அதை இரவில் அறைக்குள் செய்து பாருங்கள். கண்ணைச் சுளிப்பதும் வியர்வையைத் துடைப்பதும் வெயில் ஆகாது. அவை வெயிலுக்குப் பதில். வெயில் முதலில் தோலில் வர வேண்டும்.

உணர்ச்சி நினைவு கடைசிக்குப் பக்கத்தில்தான் வருகிறது. புலன் பயிற்சி பழகாமல் இதைத் தொடவே கூடாது. நம்மூரில் பல பட்டறைகள் முதல் நாளே ‘உங்கள் வாழ்க்கையில் மிகச் சோகமான சம்பவத்தை நினையுங்கள்’ என்று விளக்கை அணைக்கின்றன. அது தப்பு, சில நேரம் ஆபத்து. ஸ்ட்ராஸ்பெர்க்கின் விதி தெளிவானது: சம்பவம் நடந்து குறைந்தது ஏழு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். புதுத் துக்கத்துக்கு இன்னும் வடிவம் வந்திருக்காது, அது உங்களை எங்கே இழுத்துப் போகும் என்று உங்களுக்கே தெரியாது.

செய்முறை இது. உச்சக்கட்டத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தொடங்குங்கள். உணர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. உதாரணத்துக்கு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள் என்று வைத்துக்கொள்வோம். ‘அப்பா என்னைத் திட்டினார், அவமானமாக இருந்தது’ என்றால் அது கதை. கதையிலிருந்து ஒன்றும் கிளம்பாது. உட்கார்ந்திருந்த திண்ணையின் சிமென்ட் தொடையில் எப்படி உறுத்தியது, யூனிஃபார்ம் காலர் கழுத்தில் எங்கே அரித்தது, அடுத்த வீட்டு ரேடியோவில் என்ன ஓடியது, தலை குனிந்திருந்தபோது அப்பாவின் செருப்பு வார் எந்த நிறம், அதில் எந்தப் பக்கம் அறுந்திருந்தது, இவைதான் கேள்விகள். நிகழ்காலத்தில், வாய்விட்டு, மெதுவாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பல நேரம் அழுகை, அந்தச் செருப்பு வார் மாதிரி யாரும் எதிர்பாராத ஒரு சின்ன விவரத்தில்தான் உடையும். அந்த விவரம்தான் சாவி. மறுநாளும் மறுவாரமும் அதே சாவி திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காததை விட்டுவிடுங்கள். நன்றாக வேலை செய்கிற நாலைந்து நினைவுகள் இருந்தால் ஒரு நடிகருக்குப் பெரிய சொத்து. பழகப் பழக, தொடக்கத்தில் அரைமணி நேரம் எடுத்தது ஒரு நிமிடத்தில் வரும்.

இதிலும் கோளாறுகள் உண்டு. வசனத்தின் நடுவில் நினைவைத் தேடப் போனால் கண் உள்வாங்கிவிடும். எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழாது, குளோசப்பில் அது பச்சையாகத் தெரியும். சாவியைத் திறக்க வேண்டியது ‘ஆக்‌ஷன்’ சொல்வதற்கு முன். சொன்ன பிறகு எதிராளிதான் எல்லாம். இன்னொன்று, பயிற்சி முடிந்தும் அந்த நாளிலிருந்து வெளியே வர முடியாமல் போவது. அப்போது தொடராதீர்கள். கண்ணைத் திறந்து அறையில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுங்கள், வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் இந்த ஒரு பயிற்சியைத் தனியாகச் செய்யவே கூடாது. அவர்களுக்கு ஒன்றும் இழப்பில்லை, ஏனென்றால் அட்லரின் வழி இருக்கிறது.

அந்த வழியைத்தான் நம்மூருக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வேன். இங்கே சின்ன ரோல் செய்பவருக்கு முழு ஸ்கிரிப்ட் கிடைப்பதில்லை. காலையில் மேக்கப் போட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உதவி இயக்குநர் ஒரு சீன் பேப்பரைக் கொடுப்பார். நாற்பது நிமிடம் இருக்கும். இப்படி ஒரு சீன் என்று வைத்துக்கொள்வோம்:

‘சார், அந்த அட்வான்ஸ் விஷயமா வந்தேன்.’
‘பெயிண்ட் அடிக்கணும்பா. ஒரு மாச வாடகை கழிச்சுட்டுத்தான் தருவேன்.’
‘நாலு வருஷமா ஒரு மாசம் கூட லேட் பண்ணதில்ல சார்.’
‘அதுக்கென்ன இப்ப?’
‘ஒண்ணும் இல்ல சார்.’

குடித்தனக்காரர் வேடம் உங்களுக்கு. பெரும்பாலானவர்கள் பேப்பரில் ‘சோகமாக’, ‘கோபமாக’ என்று குறித்துக்கொள்வார்கள். அது பயன்படாது. முதலில் சூழல்: என்ன கிழமை, எத்தனை மணி, எங்கிருந்து வருகிறேன், பாக்கெட்டில் எவ்வளவு இருக்கிறது, புது வீட்டுக்காரருக்கு எப்போது பணம் கட்ட வேண்டும், கீழே லோடு ஆட்டோ காத்திருக்கிறதா? பேப்பரில் இல்லாததை நீங்கள் நிரப்ப வேண்டும். பேப்பரில் இருப்பதோடு மோதக் கூடாது. அடுத்து, எனக்கு என்ன வேண்டும்? ‘மரியாதை வேண்டும்’ என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும், நடிக்க உதவாது. ‘இந்தப் படியை விட்டு இறங்குவதற்குள் முழுப் பணமும் கைக்கு வர வேண்டும்’ என்றால் உடம்புக்குப் புரியும்.

மூன்றாவது, வரிக்கு வரி ஒரு வினைச்சொல். இதற்குத் தமிழில் நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது: அந்தச் சொல் ‘அவரை’ என்பதற்குப் பின்னால் வர வேண்டும். அவரைக் குளிர்விக்கிறேன். அவரை வெட்கப்பட வைக்கிறேன். அவரைக் குத்திக்காட்டுகிறேன். ‘அவரை வருத்தப்படுகிறேன்’ என்று தமிழில் சொல்ல முடியாது, ஆகவே அது நடிக்க முடியாதது. ‘லேட் பண்ணதில்ல சார்’ என்ற வரியை ‘அவரை வெட்கப்பட வைக்கிறேன்’ என்று ஒரு தடவையும் ‘அவரைக் கெஞ்சுகிறேன்’ என்று ஒரு தடவையும் சொல்லிப் பாருங்கள். குரல் நீங்கள் சொல்லாமலே மாறும்.

கடைசி வரிதான் கனமானது. ‘ஒண்ணும் இல்ல சார்’ என்னும்போது கண் கலங்க வேண்டும் என்று இயக்குநர் கேட்கலாம். கிளிசரினுக்குக் கை நீட்டுமுன் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை, உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதைப் பேசுகிற பகுதியை, நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு மெய்ப்பாடுகளையும் பெயர் சொல்லி விட்டுவிடாமல், ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகக் களன், அதாவது பிறப்பிடம், சொல்லியிருக்கிறார் தொல்காப்பியர். அழுகைக்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது, இழந்ததால் வருவது, முன்பிருந்த நிலையிலிருந்து தாழ்ந்ததால் வருவது, இல்லாமையால் வருவது. நம் குடித்தனக்காரருக்கு எது? பணம் போனதாலா, அதாவது இழவா? அல்லது நாலு வருட ஒழுங்குக்கு ‘அதுக்கென்ன இப்ப’ என்று பதில் வந்ததாலா, அதாவது இளிவா? இளிவு என்றால் அழுகையை அவர் மறைப்பார், முகத்தைத் திருப்புவார். வறுமை என்றால் மறைக்க மாட்டார், அதைக் காட்டியே கேட்பார். ஒரே கண்ணீர், இரண்டு வேறு மனிதர்கள். காரணத்தைப் பிடித்தால் கண்ணீர் வந்தாலும் சீன் நிற்கும், வராவிட்டாலும் நிற்கும். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பின்லாந்தில் தேடியதும் இந்தக் களனைத்தான் என்று எனக்குத் தோன்றும்.

குரூப் தியேட்டரில் இருந்த இன்னொருவர் சான்ஃபோர்டு மைஸ்னர். எதிராளியைக் கவனிக்கப் பழக்குகிற அவருடைய ‘திருப்பிச் சொல்லும்’ பயிற்சி பற்றியும் ஒரு வார்த்தை. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் பார்த்ததைச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நீ நீலச் சட்டை போட்டிருக்கே.’ ‘நான் நீலச் சட்டை போட்டிருக்கேன்.’ தமிழில் விகுதி மாறுவதால் தொடக்கத்தில் நாக்கு தடுக்கும், மூளை இலக்கணத்துக்குப் போய்விடும். முதல் ஐந்து நிமிடம் வார்த்தை மாறாமல் அப்படியே எதிரொலித்துவிட்டு, பிறகு ‘நான்’ என்று மாற்றினால் சரியாகும். இருவரும் ‘நீ’யா ‘நீங்க’ளா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மெத்தட்டை மட்டும் தனியாக வைத்துப் பழகுகிறவருக்கு இங்கே ஒரு குறை வரும்: குரல். உணர்வு உண்மையாக இருக்கும், மூன்றாவது வரிசைக்குக் கேட்காது. நம் மேடை மரபு இதற்கு நேர் எதிரான பக்கத்திலிருந்து வந்தது. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் பிள்ளைகள் மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை பாடவும் பேசவும் வாத்தியாரிடம் அடிபட்டுக் கற்றார்கள். சிவாஜி கணேசன் அந்த வழியில் வந்தவர். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையும் தெருக்கூத்தோடு உறவு வைத்துக்கொண்டு உடம்பையும் குரலையும் முதலில் பழக்கியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றவர்கள் கேமரா முன் சும்மா நிற்கும்போதே உடம்பில் ஒரு விழிப்பு தெரிவதற்கு அந்த அடித்தளம் ஒரு காரணம். நாற்காலிப் பயிற்சியோடு தினமும் அரைமணி நேரம் குரலுக்குக் கொடுங்கள்.

குரல் தேவைப்படுகிற இன்னொரு இடம் டப்பிங் தியேட்டர். லைவ் சவுண்ட் இல்லாத படங்களில், ஷூட்டிங் முடிந்து பல வாரம் கழித்து, குளிரூட்டிய இருட்டறையில் மைக் முன்னால் நின்று, திரையில் ஓடும் உங்கள் உதட்டுக்கு நீங்களே பேச வேண்டும். அன்றைய வெயில் இல்லை, எதிரே வீட்டுக்காரர் இல்லை, மாடிப்படி இல்லை. பெரும்பாலானவர்கள் உதட்டைப் பிடிப்பதிலேயே குறியாக இருப்பார்கள். ஒத்திசைவு சரியாக இருக்கும், குரல் தட்டையாக இருக்கும். ஷூட்டிங் அன்றே சீன் பேப்பரின் பின்பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: வரிக்கு வரி என்ன வினைச்சொல், எந்தச் சாவி, உடம்பு எந்த நிலையில் இருந்தது. படியில் ஒரு கால் மேலே வைத்து நின்று பேசியிருந்தால் டப்பிங்கிலும் ஒரு ஸ்டூலின் மேல் அந்தக் காலை வையுங்கள், வாய்க்கும் மைக்குக்கும் தூரம் மாறாமல் பார்த்துக்கொண்டால் சவுண்ட் இன்ஜினியர் ஒன்றும் சொல்ல மாட்டார். முதல் ஓட்டத்தில் பேசாதீர்கள். திரையைப் பார்த்து, அந்தப் படியின் சூடு உள்ளங்காலில் ஏறுகிறதா என்று மட்டும் கேளுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் பேசுங்கள்.